அறுபத்தொரு வாட்

சின்னவள் செய்த காந்த மோட்டார் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மணி பதினொரு நிமிடம் ஓடியது. அந்த நேரம் முழுக்க அதற்குள் எதுவும் போகவில்லை. கம்பி இல்லை, பேட்டரி இல்லை, எண்ணெய் இல்லை, யாரும் கையால் சுற்றவும் இல்லை. அதிலிருந்து அறுபத்தொரு வாட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது, சில நாள் கூட, சில நாள் குறைய. ஐந்நூறு மணி ஓடினால் சான்றிதழ் என்பது விதி. நாற்பத்தொன்பது நிமிடம் பாக்கி இருந்தது.

சோதித்தவள் அவளுடைய அக்கா. பதினொரு வருடமாக அந்தச் சோதனைச்சாலையின் நான்காம் அறையில் அவள் செய்துவந்த வேலை ஒன்றுதான். வாங்குவதைவிட அதிகம் தருகிறது என்று யாராவது ஒரு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது எங்கிருந்து வாங்குகிறது என்று கண்டுபிடிப்பது. மற்ற அறைகளில் இஸ்திரிப் பெட்டியையும் ஸ்விட்சையும் சோதித்தார்கள். நான்காம் அறைக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தார், லேத் பட்டறைக்காரர் வந்தார், பல் டாக்டர் ஒருவர் தன் நாற்காலியின் மோட்டாரையே திருத்தி எடுத்துவந்தார். எல்லோரும் உலகத்தை மாற்றப்போகிறவர்கள். எல்லோரும் சோதனை முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்தார்கள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று எந்திரங்கள். பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கத் தெரிந்து, அவை இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கத் தெரியாதவர்கள். மீதிப் பேரிடம் மேசைக் காலுக்குள் பேட்டரி இருந்தது, தரைவிரிப்புக்கு அடியில் தலைமுடி கனத்தில் கம்பி இருந்தது, ஒரு முறை மரப்பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து பெடல் மிதித்த மச்சினன் இருந்தார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் 'மிச்சம்' என்ற கட்டத்தில் அவள் பூஜ்யம் எழுதினாள். அதனால் சைபர் மேடம் என்று பெயர் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். மூன்றாம் வருடத்திலிருந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அறையின் விதிகள் ஒவ்வொன்றும் ஒரு ஏமாற்றிலிருந்து பிறந்தவை. மேசைக்கால் பேட்டரிக்குப் பிறகு மேசை போய், நான்கு கண்ணாடிக் கட்டிகளின் மேல் எந்திரத்தை வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் ஜன்னல் வழியாக இறங்கி பேட்டரி மாற்றியதற்குப் பிறகு, சோதிக்கிறவர் கண்ணால் பார்க்காத நேரம் கணக்கில் சேராது என்று ஆனது. எழுந்து வெளியே போகவேண்டுமென்றால் சக்கரத்தில் ஒரு மர ஆப்பைச் செருகி நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். சாயங்காலம் ஆப்பு செருகி, கதவைப் பூட்டியதும், சீல் வைப்பவர் வந்து அரக்கு உருக்கி முத்திரை குத்துவார். காலையில் அவரே உடைப்பார். சோதிக்கிறவர் கடிகாரம் கட்டக்கூடாது, மோதிரம் கூடாது, தலையில் ஊசி கூடாது. எந்திரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி மர முக்காலியில் உட்காரவேண்டும். வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. செய்தவர்கூட கடைசி மூன்று மணி நேரத்துக்குத்தான், குழுவோடு சேர்ந்து வரலாம். இந்த விதிகளில் முக்கால்வாசியை எழுதியவள் அவள்தான்.

சின்னவளுக்கு முப்பத்தெட்டு வயது, அக்காவைவிட மூன்று வயது இளையவள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, அதன்பிறகு பள்ளிக்கூடம் இருந்த தெருப் பக்கமே போகாமல், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் சேர்ந்தாள். ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைப்பாள். கண்ணைக்கூட மூடமாட்டாள், யாரிடமாவது பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பாள். "பின்பக்க பேரிங் போகப் போகுதுண்ணே. இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்பாள். சொன்னபடி ஒரு வாரத்தில் போகும். அக்கா ஒரு முறை சோதனைச்சாலையிலிருந்து அதிர்வு அளக்கும் கருவியைக் கொண்டுபோய் அதே மோட்டாரில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கை சொன்னதைக் கருவி சொல்ல இரண்டு மணி நேரம் ஆனது. காந்தம் பற்றிய நான்கு சமன்பாடுகளைப் புரிந்துகொள்ள அக்காவுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. பட்டமளிப்பு நாளில் தங்கப் பதக்கத்துக்கு அவள் பெயரைப் படிக்கும்போது மைக் செத்துப்போனது. பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து சின்னவள் எழுந்து வந்து, தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து எதையோ நெம்பினாள். மைக் உயிர்பெற்றது, மண்டபமே கைதட்டியது. பதக்கம் வாங்கும்போது தட்டியதைவிட அது நீளமான கைதட்டல். அக்கா அன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பொறாமை என்ற சொல்லை அவள் ஒருநாளும் உபயோகித்ததில்லை. அதற்கு அவளிடம் வேறு பெயர்கள் இருந்தன: அசதி, தலைவலி, 'எனக்கு நிறைய வேலை இருக்கு.'

மோட்டாரைச் சின்னவள் உடைந்த ஸ்பீக்கர்களின் காந்தங்களைக்கொண்டு செய்தாள். அந்த வேலைக்காகவே கடையை விட்டு நின்றுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தாள். ஒரு அலுமினியச் சக்கரம், அதன் விளிம்பில் சாய்த்துப் பதித்த முப்பத்திரண்டு காந்தங்கள், சுற்றிலும் வளையமாக இன்னும் முப்பத்தொன்று. பதினான்கு மாதம் அது அசையவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனைச்சாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அக்கா வழக்கம்போல அம்மாவைப் பார்க்க வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சக்கரம் சுற்றத் தொடங்கியது. அதன்பின் ஞாயிறுதோறும் ஓடியது. திங்கள் முதல் சனி வரை ஓடாது. "பக்கத்துல அச்சகம் இருக்குல்ல, அதோட அதிர்வு இதுக்கு ஒத்துக்கல" என்று சின்னவள் காரணம் சொன்னாள். ஞாயிறு அச்சகத்துக்கு விடுமுறை. அம்மா அதை நம்பினார். அக்கா நம்பவில்லை, ஆனால் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவியும் கம்பி எதுவும் கிடைக்கவில்லை.

"நீயே டெஸ்ட் பண்ணித் தாயேன்க்கா" என்றாள் சின்னவள். "உன்னைத் தாண்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

அக்கா உடனே சரி என்றாள். அந்தப் பூஜ்யத்தைத் தன் கையால் எழுதவேண்டும் என்ற ஆசை அவளுக்கு அந்த நிமிடமே வந்துவிட்டது. விதியை மீறக்கூடாதென்று, செய்தவள் தன் தங்கை என்பதைச் சோதனைச்சாலைத் தலைவரிடம் சொன்னாள். தலைவர் சிரித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. கூடப் பொறந்தவங்கள விடக் கறாரா வேற யாரு பாக்கப் போறாங்க?"

மோட்டார் வந்து இறங்கிய அன்று வரவேற்பறையில் அது அசையாமல் கிடந்தது. சீல் வைப்பவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நூத்தி நாப்பத்தி நாலு. வந்த எடத்துலயே மண்டையைப் போட்ட மொதல் கேஸ்" என்றார். அப்போது அக்கா நடைபாதையில் வந்தாள். சக்கரம் சுற்றியது. "வெயில்ல வந்துச்சுல்லண்ணே, மூச்சு வாங்கிட்டு எழுந்திருக்கு" என்றாள் சின்னவள். சீல் வைப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். பதினொரு வருடத்தில் அக்காவின் முன்னால் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

முதல் நான்கு நாட்கள் அக்கா கண்ணாடிக் கட்டிகளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கூரையில் ஏறிப் பார்த்தாள். மீட்டரை நம்பாமல் பல்பை இருபது லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானி வைத்துக் கணக்கிட்டாள். மீட்டர் சொன்னதையே தண்ணீரும் சொன்னது. முப்பத்தேழாவது மணியில் அலுவலகத் தொலைபேசிக்கு அம்மா கூப்பிட்டார். "சின்னவ மெஷின் ஓடுதாடி? பாவம், நாலு நாளா ராத்தூக்கம் இல்ல அதுக்கு" என்றார். பெரியவள் தூங்கினாளா என்று கேட்கவில்லை. தொலைபேசிக்கு எழுந்து வந்த அவசரத்தில் அவள் ஆப்பு செருகாமல் வந்திருந்தாள். நான்கு நிமிடம் கழித்துத் திரும்பியபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சக்கரம் நின்றிருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தாள். சுற்றியது. வெளியே வந்தாள். மெல்ல மெல்ல நின்றது. ஏழு தடவை போய் வந்தாள். ஏழு தடவையும் அப்படியே. ஆள் பார்க்காத நேரம் கணக்கில் இல்லை என்று விதி எழுதி, ஆள் வெளியே போகும்போதெல்லாம் சக்கரத்தை நிறுத்திவைத்ததால், ஆள் இல்லாமல் அது ஓடுமா என்று நூற்று நாற்பத்து மூன்று எந்திரங்களில் ஒன்றில்கூட யாரும் பார்த்திருக்கவில்லை.

இதை உடனே எழுதவேண்டும். அவள் எழுதவில்லை. காரணம் தெரியாமல் ஒன்றை எழுதிப் பழக்கமில்லை, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 'ஆப்பு செருகப்பட்டது' என்று எழுதினாள். அவள் பதிவேட்டில் எழுதிய முதல் பொய் அது.

பிறகு தன்னையே சோதிக்கத் தொடங்கினாள். தன் எடைக்கு மணல் மூட்டை கட்டி முக்காலியில் வைத்துவிட்டு வெளியே நின்று பார்த்தாள். சுற்றவில்லை. மூட்டையைப் பார்த்த சீல் வைப்பவர், "இவரு யாரு மேடம், புதுசா சேர்ந்திருக்காரா?" என்றார். உடம்புச் சூடாக இருக்குமோ என்று வெந்நீர்ப் பை வைத்தாள். ரத்தத்தில் இருக்கும் இரும்போ என்று அதே அளவு இரும்புத்தூள் வைத்தாள். உப்புத் தண்ணீர் நிரப்பிய டிரம் வைத்தாள். எதற்கும் சக்கரம் அசையவில்லை. தானே உட்கார்ந்து மூச்சைப் பிடித்தாள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாள், வித்தியாசம் இல்லை. பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள். சக்கரம் தளர்ந்தது. நிறுத்தினாள், வேகம் பிடித்தது. அப்போதுதான் உடம்பு இல்லை, நினைப்பு என்று தெரிந்தது. வரிசையாக நினைத்துப் பார்த்தாள். கடல்: பூஜ்யம். தலைவரின் மீசை: பூஜ்யம். தன்னுடைய பழைய வாடகை வீட்டின் ஒழுகும் குழாய்: பூஜ்யம். சின்னவள்: ஐம்பத்தெட்டு. அதிலும் பிரித்துப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த சின்னவள் நான்கு வாட். மைக்கைச் சரிசெய்த சின்னவள் எண்பத்தொன்று. எண்பத்தாறாவது மணியில் இதையெல்லாம் ஒரு வரைபடமாகப் போட்டாள். புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தன. அவள் வாழ்க்கையில் போட்ட வரைபடங்களிலேயே அவ்வளவு நேரான கோடு அதுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிழித்து, துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அந்த வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டால் வேறொருவர் வந்து உட்காருவார், சக்கரம் அசையாது, சின்னவள் நூற்று நாற்பத்து நான்காவது ஆளாகப் பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போவாள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, வெறும் லீவு. முக்காலியில் உட்கார்ந்தபடி அதைக் கண்முன் ஓடவிட்டுப் பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். மனசுக்கு இதமாக இருந்தது. பல்பு மங்கி, இருபது வாட்டுக்கு வந்தது. மாற்றி நினைத்தாள். சின்னவள் சான்றிதழோடு நிற்கிறாள், அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார், தெருவே வந்து பார்க்கிறது. தொண்ணூற்று நான்கு வாட். தங்கையின் வீழ்ச்சியில் அந்த மோட்டார் ஓடாது, அவளுடைய உயர்வில்தான் ஓடும் என்று அக்காவுக்குப் புரிந்தது. சான்றிதழ் வாங்கித் தரும் வயிற்றெரிச்சல் அவளிடம் தாராளமாக இருந்தது. வாயைத் திறந்து சொல்லும் தைரியம்தான் இல்லை. சோதனைச்சாலையில் அவள் சேர்ந்தாற்போல் சொல்லும் நான்கு வாக்கியத்தில் மூன்று எண்களாகவே இருக்கும். எண்கள் இல்லாத வாக்கியத்தை, அதுவும் அந்த வாக்கியத்தை, யாரிடம் சொல்வது? அதனால் லீவு போடவில்லை, உண்மையையும் எழுதவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து பொறாமைப்பட உட்கார்ந்தாள்.

அது எளிய வேலை இல்லை. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் சாயங்காலம் அவளுக்குள் ஒன்றும் மிச்சமிருக்காது, தங்கை மேல் கிட்டத்தட்டப் பாசமாகவே இருக்கும். ஆனால் காலையில் சீல் உடைக்க வருகிறவர் வெறும் வாயோடு வருவதில்லை. சின்னவள் தினமும் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். "உங்க தங்கச்சி வாசல்ல கச்சேரி வச்சிருக்கு மேடம். ஸ்விட்ச் டெஸ்ட்டுக்கு வந்தவங்கல்லாம் வேலையை மறந்து சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்பார். எழுபது வாட். "நம்ம தலைவரே டீயைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு." எழுபத்தாறு. "உங்களுக்கு இப்படி ஒரு தங்கச்சின்னு சொன்னா நம்பவே முடியல மேடம்." அன்று பல்பு வெடித்து, மாற்றவேண்டி வந்தது. இரண்டு மாதத்தில் அக்கா ஏழு கிலோ இளைத்தாள். அந்த ஏழு கிலோவும் தண்ணீர்த் தொட்டியில் ஏறிய சூடும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று ஒரு மதியம் கணக்குப் போட்டாள். பொருந்தியது, நூற்றுக்கு இரண்டு பிழைக்குள்.

கடைசி நாள் வந்தது. நானூற்றுத் தொண்ணூற்றேழாவது மணியில் தலைவரும் குழு உறுப்பினர்கள் இருவரும் உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்காகப் பல்பைத் தொட்டியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. பின்னால் சின்னவள் வந்தாள், இஸ்திரி போட்ட உடையில். இரண்டு மாதம் கழித்துத் தன் மோட்டாரைப் பார்க்கிறாள். "என்னைவிட நல்லா சதை போட்டிருக்கே" என்றாள் அதைப் பார்த்து. அக்காவைப் பார்த்து, "நீ ஏன்க்கா இப்படிக் காஞ்சுபோயிட்ட? இதுக்கு ஊட்டி ஊட்டி நீ சாப்பிடலையா?" என்றாள். உறுப்பினர்களும் சிரித்தார்கள். எண்பது வாட்டில் பல்பு வெள்ளையாக எரிந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே போனது. சான்றிதழ்த் தாளில் தேதி மட்டும் போடவேண்டியிருந்தது. தலைவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மணி இரண்டாவது நிமிடத்தில் சின்னவள் மோட்டாரின் பக்கவாட்டைப் பார்க்கக் குனிந்தாள். பிடிமானத்துக்கு ஸ்டாண்டைப் பிடித்தாள், விரல்கள் பல்பின் மேல் படிந்தன. அவள் சக்கரத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தோல் கருகும் வாசனை முதலில் அக்காவுக்குத்தான் வந்தது.

"ஏய், கையை எடுடி!"

சின்னவள் உடனே எடுக்கவில்லை. எதைச் சொல்கிறாள் என்று அக்காவைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள், அதன்பின் எடுத்தாள், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருளை எடுப்பதுபோல. மூன்று விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. அவள் முகத்தில் வலி எதுவும் இல்லை, மாட்டிக்கொண்ட முகம்தான் இருந்தது. அக்கா முக்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். அறுபத்திரண்டு நாளில் முதல் முறையாக, சோதனை வேலைக்காக இல்லாமல், விதிப்படியான ஒன்றரை மீட்டரைத் தாண்டினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் சின்னவள், உறுப்பினர்களுக்குக் கேட்காத குரலில். "ரெண்டு கையும். கம்பி சுத்திச் சுத்தி நரம்பு போயிடுச்சாம். சூடு, அதிர்வு, ஒண்ணும் தெரியல. கடையில கண்டுபிடிச்சு நிறுத்திட்டாங்க. நானா நிக்கலக்கா. அம்மாகிட்ட சொல்லிடாத."

"அப்புறம் இதை எப்படிடி செஞ்ச?"

"காந்தத்தைத் தொட்டுப் பாக்கவேண்டியதில்லையே. தள்ளுதா இழுக்குதான்னு கண்ணாலயே தெரியுமே." பிறகு, "இது ஒண்ணுதான்க்கா இப்ப எங்கிட்ட இருக்கு" என்றாள்.

சக்கரத்தின் சத்தம் மாறியதை அக்கா திரும்பாமலே கேட்டாள். அறுபது. ஐம்பது. அவள் வாழ்நாள் முழுக்க எந்தக் கையைப் பார்த்து எரிந்தாளோ, அந்தக் கை அவள் உள்ளங்கையில் சூடுபட்ட சப்பாத்திக்கட்டைபோலக் கிடந்தது. அதன் மேல் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. நாற்பது. சின்னவள் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தாள், அவள் முகம் வெளுத்தது. அக்கா அவசர அவசரமாக உள்ளே தேடினாள். படுத்த உடனே தூங்கிவிடுகிறவள் இவள். அதற்குச் சக்கரம் ஒரு துளி வேகம் பிடித்தது. இவளுக்கு வாய்ப்புண் வந்ததே இல்லை. தெரு நாய் இவள் பின்னால்தான் போகும். அம்மா பழைய போட்டோவை யாரிடம் காட்டினாலும் விரல் முதலில் இவள் மேல்தான் போகும். பேருந்தில் யாரோ இவளுக்கு எப்போதும் ஜன்னல் இடம் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாட், மூன்று வாட், சில நொடி நின்றது, அணைந்தது. தங்கையைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தி அவ்வளவு மும்முரமாகப் பொறாமைப்பட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவள் நெற்றியில் வேர்த்தது. ஜன்னல் இடம் என்று நினைத்தபோது, அதில் உட்கார்ந்து அக்காவுக்கும் சேர்த்து இடம்பிடித்து வைத்திருக்கும் சின்னவள் கூடவே வந்து நின்றாள். பதினாறு வாட். பல்பில் சிவப்புக் கம்பி மட்டும் தெரிந்தது.

உறுப்பினர்களில் ஒருவர் குனிந்து கண்ணாடிக் கட்டிகளுக்கு அடியில் பார்த்தார். "பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார், நல்ல மனிதர்தான், வருத்தமாகவே சொன்னார். மற்றவர் சான்றிதழ்த் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். தலைவர் விழித்துக்கொண்டு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதில் இரண்டு முத்திரைக்குத்தான் இடம் உண்டு. காரணம் தெரியாமல் நின்றால், மறைத்து வைத்த உள்ளீடு என்று சிவப்பு முத்திரை. அது விழுந்தால் செய்தவர் பெயர் ஏமாற்றுப் பட்டியலில் போகும், பிறகு எந்தப் பட்டறையும் சேர்க்காது. உள்ளே போவது என்ன என்று கண்டுபிடித்து எழுதினால் நீல முத்திரை. அது வெறும் மோட்டார், செய்தவர் மேல் குற்றம் இல்லை. தலைவரின் கை சிவப்புப் பக்கம் போனது.

"நான் ஒண்ணும் வைக்கல சார்" என்றாள் சின்னவள். "பிரிச்சுப் பாருங்க. சத்தியமா ஒண்ணும் ஒளிச்சு வைக்கல." எல்லோரையும் சிரிக்கவைக்கும் அந்தக் குரல் அப்போது யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

"அவ ஒளிக்கல சார்" என்றாள் அக்கா. "நான்தான் ஒளிச்சேன்."

தலைவரின் கை நின்றது. நான்காம் அறையில் யாரும் கேட்காமல் அவள் பேசி அவர் பார்த்ததில்லை.

"உள்ள போறது ஒண்ணு இருக்கு. முப்பத்தேழாவது மணியில சந்தேகப்பட்டேன், எண்பத்தாறுல உறுதியாச்சு. எழுதாம விட்டேன்."

"எவ்வளவு?"

"சராசரி அறுபத்தொரு வாட். வெளிய வர்றதுக்குச் சமம். மிச்சம் பூஜ்யம்தான் சார்."

"அப்ப சரி" என்றார் தலைவர், பூஜ்யம் என்றதும் நிம்மதியாகி. சிவப்பு முத்திரையை ஒதுக்கிவிட்டு, பேனா மூடியைக் கழற்றி, 'உள்ளே போவது' என்ற கட்டத்தின் மேல் முனையை வைத்துக்கொண்டு, வோல்டேஜ் கேட்கும் குரலிலேயே கேட்டார்: "என்னம்மா அது?"

அந்தக் கட்டத்தில் அன்று எழுதப்பட்டது இன்றும் பதிவேட்டில் இருக்கிறது, பக்கத்தில் நீல முத்திரையோடு. மேலிடத்திலிருந்து வருடாவருடம் தணிக்கைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டு, கூட்டல் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். சோதிக்கிறவர் வெளியே போய் ஒரு மணி நேரம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கவேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது. மோட்டார் இப்போதும் நான்காம் அறை மூலையில் பத்துப் பன்னிரண்டு வாட் தந்துகொண்டிருக்கிறது, சீல் வைப்பவர் அதில் அரக்கு உருக்கிக்கொள்கிறார். அதெல்லாம் பிறகு. அப்போது சக்கரம் கடைசிச் சுற்றுகளில் இருந்தது, தலைவரின் பேனா முனையில் மை திரண்டு நின்றது. அக்கா தங்கையின் கொப்பளித்த விரல்களை விடாமல், தலைவரைப் பார்க்காமல் தங்கையையே பார்த்து, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொறாமை சார். என்னோடது. இவ மேல."